மாடி எடுக்க வருவார்கள், கோப்பு திறக்க வேண்டும்: ஸ்கெட்ச்அப்–லூமியனா, பிளெண்டரா?

பாளையங்கோட்டையில் வீட்டுப் பிளான், எலிவேஷன் (முகப்புப் படம்), வாக்த்ரூ (வீட்டுக்குள் நடந்து பார்ப்பது போன்ற வீடியோ) போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. மூன்று பேர், இரண்டு கம்ப்யூட்டர். போன வருடம் வரை முப்பரிமாண மாடலுக்கு ஸ்கெட்ச்அப், வீடியோவுக்கு லூமியன் என்று ஓடியது. இப்போது மாடலும் ரெண்டரும் (மாடலை நிஜம் போன்ற படமாக எடுப்பது) பிளெண்டரில். அவசர வீடியோவுக்கு மட்டும் ட்வின்மோஷன். தென்காசி, வள்ளியூர்ப் பக்கம் இதே தொழில் செய்யும் நண்பர்கள் "மாறலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். என் சாய்வு பிளெண்டர் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மாடல் செய்ய ஸ்கெட்ச்அப் அளவுக்கு எளிதான ஒன்றை நான் பார்த்ததில்லை. செவ்வகம் வரைந்து புஷ்-புல்லால் இழுத்தால் சுவர் நிற்கும். டிப்ளமோ முடித்து வரும் பையன் ஒரு வாரத்தில் வீடு எழுப்பிவிடுவான். பிளெண்டரில் அதே பையனுக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அடி, அங்குலத்தில் வேலை செய்ய முதலில் யூனிட்டை மாற்ற வேண்டும், ஆட்டோகேட் வரைபடத்தை டிஎக்ஸ்எஃப் என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றிக் கொண்டுவர வேண்டும், ஷார்ட்கட் எல்லாம் கையில் பழக வேண்டும். லூமியனில் மரம், புல், கார், நடந்து போகும் ஆள் எல்லாம் தயாராக இருக்கும். எடுத்து வைத்தால் போதும். ஆனால் அதில் நம் ஊர்ப் பனையையும் பூவரசையும் தேடித்தான் பிடிக்க வேண்டும். நாங்கள் ஒரு பனையை பிளெண்டரில் நாங்களே செய்து வைத்திருக்கிறோம். காய்ந்த மட்டை தொங்குவது வரை வைத்த பிறகுதான் அது நாங்குநேரிப் பக்கத்துப் பனை மாதிரி தெரிந்தது.

வேகத்தில் லூமியனும் ட்வின்மோஷனும் முன்னால்தான். ஒரு நிமிட வீடியோ என்றால், நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் 1500 படம். பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் ஒரு படத்துக்கு 2 நிமிடம் ஆனால் மொத்தம் 50 மணி நேரம். பிளெண்டரிலேயே உள்ள வேகமான ரெண்டரான ஈவியில் 12 விநாடி ஆனால் 5 மணி நேரம். ட்வின்மோஷனில் 4 விநாடி என்று வைத்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சாயங்காலம் கேட்டு மறுநாள் காலையில் பால்காய்ப்பு வீட்டில் போட்டுக் காட்ட வேண்டும் என்பவர்களுக்கு சைக்கிள்ஸ் சரிப்படாது.

நீண்ட ரெண்டருக்கு ஒரு யோசனை. எம்பி4 ஆக எடுக்காமல் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனி பிஎன்ஜி படமாக எடுங்கள். பிளெண்டரில் 'ஓவர்ரைட்' (இருக்கிற படத்தின் மேலேயே எழுதுவது) டிக்கை எடுத்துவிட்டால், நடுவில் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் இறங்கிவிட்டாலும், திரும்ப ஓடவிடும்போது இருக்கிற படங்களைத் தாண்டி விட்ட இடத்திலிருந்தே தொடங்கும். கடைசிப் படம் பாதியில் உடைந்திருக்கலாம். அதை மட்டும் அழித்துவிட வேண்டும்.

வெயில் விஷயத்தில் இரண்டு பக்கமும் சமம்தான், ஆனால் இரண்டிலுமே கவனம் தப்பினால் படம் பொய் சொல்லும். திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூன் 21 அன்று தலைக்கு மேலிருந்து 15 டிகிரி போல வடக்கே சாய்ந்திருக்கும். ஸ்கெட்ச்அப்பில் இடத்தைக் குறிக்காமல் விட்டால் அது அமெரிக்காவின் போல்டர் நகரத்து வெயிலைக் காட்டும். அங்கே உச்சிச் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான். வடக்குப் பார்த்த தார்சாவுக்கு (வராந்தாவுக்கு) மே மாத நடுப்பகலிலும் நல்ல நிழல் என்று வீட்டுக்காரர் நம்பிவிடுவார். பிளெண்டரில் 'சன் பொசிஷன்' என்ற துணை வசதியை (ஆட்-ஆன்) போட்டு அட்சரேகை 8.7, தீர்க்கரேகை 77.7 என்று கொடுத்தால் சன்ஷேடை எத்தனை அடி நீட்ட வேண்டும் என்பது கண்முன்னே தெரியும்.

இதுவரை சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஸ்கெட்ச்அப்–லூமியனே போதும் என்று தோன்றும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் தோன்றியது. முடிவை மாற்றியது வேறு ஒன்று: பழைய கோப்பு.

நம் பக்கம் வீடு ஒரே மூச்சில் முடிவதில்லை. முதலில் கீழ்த்தளம், பட்டாசலும் (ஹால்) அடுக்களையும் இரண்டு ரூமும். மூன்று நான்கு வருடம் கழித்து, மகன் வெளிநாட்டில் சம்பாதித்துக் கொஞ்சம் சேர்த்த பிறகு மாடி. அதன் பிறகு தெருப்பக்கம் ஒரு கடை. நான் முன்பு வேறொரு அலுவலகத்தில் வேலை பார்த்தபோது முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். "தம்பி, அப்ப போட்டுத் தந்தீங்கள்லா, அந்தப் படத்துலயே மாடி வச்சுக் காட்டுங்க. பையன் சவூதியிலேருந்து வந்திருக்கான். பத்து நாள்தான் லீவு, அவன் போறதுக்குள்ள முடிவு பண்ணிரலாம்னு பாக்கோம்" என்றார். கோப்பு இருந்தது. ஆனால் அதைச் செய்த மென்பொருளுக்கு (இங்கே பேசும் எதுவும் அல்ல) சந்தா முடிந்து சில மாதம் ஆகியிருந்தது, திறக்கவில்லை. ஒரு வீட்டுக்காக ஒரு வருடச் சந்தா கட்ட முதலாளிக்கு மனசில்லை. பிரிண்ட்டை வைத்து மூன்று ராத்திரி உட்கார்ந்து மறுபடி மாடல் செய்தோம். படிக்கட்டின் அளவு முதல் மாடலோடு ஒத்துப்போகவில்லை. பையன் ஊருக்குப் போகும் முதல்நாள்தான் படம் கொடுத்தோம்.

அன்றிலிருந்து எந்த மென்பொருளைப் பார்த்தாலும், பணம் கட்டுவதை நிறுத்தினால் என் கோப்பு என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். ஸ்கெட்ச்அப் ஒருமுறை வாங்கும் லைசென்ஸை 2020-இல் நிறுத்திவிட்டது; இலவச டெஸ்க்டாப் பதிப்பு 2017-ஓடு நின்றது, அதுவும் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாதது. லூமியனும் இப்போது சந்தா. ஆண்டுதோறும் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மாதம் ஐந்தாறு வாக்த்ரூ வருகிற அலுவலகத்துக்கு இது பாரமில்லை. எங்களுக்கு ஆடி மாதம் முழுக்க ஒரு பூமி பூஜைகூட இருக்காது, சந்தா மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

பிளெண்டர் 2002-இல் பயனர்கள் திரட்டிக் கொடுத்த ஒரு லட்சம் யூரோவில் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் கீழ் எல்லோருக்குமானது. தொழிலுக்கும் இலவசம். எனக்கு இலவசம் என்பதைவிடப் பெரிது, பழைய பதிப்புகள் எல்லாம் இன்றும் தரவிறக்கக் கிடைப்பதுதான். ஜிப்பாக வருவதை விரித்தால் போதும், இன்ஸ்டால் வேண்டாம். ஒரு வீட்டு வேலை முடிந்ததும் அந்த ஃபோல்டருக்குள்ளேயே அதைச் செய்த பிளெண்டர் பதிப்பையும் போட்டு வைத்துவிடுகிறோம். பழைய கோப்பைப் புதிய பதிப்பும் பெரும்பாலும் திறக்கும். ஆனால் 2024-இல் வந்த 4.2-இல் ஈவியை அடியோடு மாற்றியதால் வெளிச்சம் முன்பு போல விழாது. பழைய பதிப்பு பக்கத்திலேயே இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

எங்கள் பக்கம் ஒரு தப்பு நடந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு, பழகிக்கொண்டிருந்தபோது செய்த ஒரு வீட்டைச் சமீபத்தில் திறந்தோம். திறந்தது, ஆனால் சுவரும் தரையும் பளீரென்ற ரோஸ் நிறத்தில் நின்றன. டைல்ஸ், மரம், கல் படங்கள் எல்லாம் யாருடைய பென்டிரைவிலோ இருந்து போயிருந்தன. இப்போது கடைசியாகச் சேமிக்கும் முன் 'பேக் ரிசோர்சஸ்' அழுத்தாமல் யாரும் எழுந்திருப்பதில்லை. படங்கள் கோப்புக்குள்ளேயே வந்துவிடும். கோப்பு கனக்கும், பரவாயில்லை.

அப்படியானால் ட்வின்மோஷன் எதற்கு? எபிக் கேம்ஸ் 2019-இல் அதை வாங்கியது. ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குக் கீழே இருந்தால் இப்போது இலவசம். இந்தச் சலுகை என்றைக்கும் இருக்கும் என்று நம்பி மூல மாடலை அதில் வைக்க மாட்டேன். வீடு பிளெண்டரில் இருக்கும், எஃப்பிஎக்ஸ் என்ற கோப்பு வடிவத்தில் அங்கே போகும், மரம் நட்டு கேமராவை ஓட்டி வீடியோ எடுத்துக்கொள்வோம். நாளைக்கே அது போனாலும் வீடு நம்மிடம் இருக்கும்.

கட்டட வடிவமைப்பு மென்பொருளான ரெவிட் பற்றியும் கேட்கிறார்கள். அதில் நான் ஒரே ஒரு கல்யாண மண்டப வேலைதான் முடித்திருக்கிறேன், அதனால் என் பேச்சை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். பிளானில் சுவரை நகர்த்தினால் எலிவேஷன், செக்ஷன், அளவுப் பட்டியல் எல்லாம் தானாக மாறுவது பெரிய வசதி. பிளெண்டரில் அந்த அளவுக்கு எனக்குக் கைகூடவில்லை. ஆனால் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. அன்றைக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் பழைய பதிப்பு இருந்ததால் கடைசியில் பிடிஎஃப் வைத்துத்தான் பேசிக்கொண்டோம். அப்ரூவல் வரைபடத்துக்கு இன்னும் ஆட்டோகேட்தான். அதை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.