செயினுக்கு 90 கியர் ஆயிலா, ஸ்ப்ரேயா? உப்பளச் சாலையில் 41,000 கிலோமீட்டர்

என் பல்சர் 150 பைக்கின் முதல் செயின் 17,000 கிலோமீட்டரில் போய்விட்டது. இரண்டாவது செயின் இப்போது 24,000-ஐத் தாண்டி ஓடுகிறது, செயினை இறுக்கும் அட்ஜஸ்டரில் இன்னும் பாதிக்கு மேல் இடம் மிச்சமிருக்கிறது. முதல் செயினுக்கு ஆரம்பம் முதல் கடைசி வரை, செயினுக்கென்றே விற்கும் மசகு ஸ்ப்ரேதான் (செயின் லூப்) அடித்தேன். இரண்டாவதற்கு எஸ்.ஏ.இ. 90 கியர் ஆயில், கடைக்காரர்கள் சொல்லும் '90 ஆயில்'.

இந்தக் கணக்கை வைத்து மட்டும் கியர் ஆயில்தான் உசத்தி என்று நான் சொல்லமாட்டேன். முதல் செயின் ஓடிய காலத்தில் செயினைச் சுத்தம் செய்யும் முறையே எனக்குச் சரியாகத் தெரியாது. லூஸ் பார்ப்பதும் எப்போதாவதுதான். ஆனாலும் இரண்டையும் ஒரே வண்டியில், ஒரே சாலையில், சொந்தக் கையால் போட்டுப் பார்த்த பிறகு நான் கியர் ஆயில் பக்கம் நிற்கிறேன். அதற்கான காரணம் நான் முதலில் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

சாலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவு அதைப் பொறுத்தது. வாரத்தில் நான்கு நாள் தூத்துக்குடியிலிருந்து ஆறுமுகநேரிக்குப் போய்வருகிறேன். போக வர 60 கிலோமீட்டருக்குக் குறையாது. முள்ளக்காடு தாண்டினால் உப்பளம், பழையகாயல் பக்கம் உப்பளம், ஆறுமுகநேரியிலும் உப்பளம். நடுவில் முக்காணி, ஆத்தூர் பக்கம் மட்டும் தாமிரபரணி புண்ணியத்தில் வாழையும் வெற்றிலையும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது, திருச்செந்தூர் தாண்டி காயாமொழி, குதிரைமொழித் தேரிப் பக்கம் போனால் செம்மணல் கணுக்கால் வரை அப்பும். ஆக, என் செயினுக்கு உப்பும் மணலும் அன்றாடச் சாப்பாடு. இது இல்லாத ஊர்க்காரருக்கு என் முடிவு பாதிதான் பொருந்தும்.

சுலபமான விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். விலையில் கியர் ஆயில்தான் மலிவு. ஒரு லிட்டர் டின் வாங்கி இரண்டு வருடம் ஆகப்போகிறது, அடியில் இன்னும் கொஞ்சம் கிடக்கிறது. 150 மி.லி. ஸ்ப்ரே டப்பா எனக்கு மூன்று மாதம்கூட வந்ததில்லை. கிடைப்பதிலும் கவலை இல்லை, டிராக்டர் ஓடும் ஊரில் 90 ஆயில் இருக்கும். கைக்கு வசதி என்று பார்த்தால் ஸ்ப்ரேதான் ஜெயிக்கும். வேஸ்ட் இன்ஜின் ஆயிலை ஊற்றுவது போட்டியிலேயே இல்லை. இன்ஜினுக்குள் தேய்ந்த இரும்புத் துகளும் கரியும் கலந்த எண்ணெயை எடுத்துச் செயினில் விடுவதில் எந்த லாபமும் இல்லை. கிரீஸும் அப்படித்தான், மேலே அப்பி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இன்று பல 150 சிசி வண்டிகளிலும் அதற்கு மேற்பட்டவற்றிலும் வருவது ஓ-ரிங் செயின். லிங்குகளைக் கோக்கும் பின் என்ற சிறு ஆணிக்கும், அதைச் சுற்றியுள்ள புஷ் என்ற குழலுக்கும் இடையில் கம்பெனியிலேயே கிரீஸ் நிரப்பி, உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே சின்ன ரப்பர் வளையம் வைத்து மூடிவிடுகிறார்கள். 'செயின் நீண்டுவிட்டது' என்று சொல்கிறோமே, அங்கே இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன. ஒவ்வொரு லிங்கிலும் மயிரிழை இடைவெளி கூடி, நூற்றுச் சொச்சம் லிங்குக்கும் சேர்த்து மொத்தச் செயினும் தொங்குகிறது. அந்தத் தேய்மானத்தைத் தடுப்பது உள்ளே இருக்கும் கிரீஸ். நாம் வெளியிலிருந்து ஊற்றும் எதுவும் அங்கே போய்ச் சேராது.

அப்படியென்றால் வெளியே ஊற்றுவது எதற்கு? புஷ்ஷின் மேல் உருளும் ரோலரும், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லும் உரசும் இடத்துக்கு. தகடு துருப்பிடிக்காமல் இருக்க. ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்காமல் இருக்க. இந்த மூன்றுக்கும் கியர் ஆயிலும் போதும், ஓ-ரிங்குக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கும் ஸ்ப்ரேயும் போதும். வழுக்கும் தன்மையை வைத்து இரண்டையும் மோதவிட்டுப் பல மாதம் யோசித்தேன், அது வீண்வேலை. ஹோண்டா போன்ற கம்பெனிகளின் உரிமையாளர் கையேட்டிலேயே செயின் லூப் அல்லது 80, 90 கியர் ஆயில் என்று இரண்டையும் சேர்த்தே போட்டிருப்பார்கள்.

90 என்ற எண்ணைப் பார்த்து, 20W-50 இன்ஜின் ஆயிலைவிடப் பல மடங்கு கெட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. கியர் ஆயிலுக்கான எண் வரிசையே வேறு. கெட்டித்தன்மையில் 90 கியர் ஆயில் ஏறக்குறைய 40, 50 இன்ஜின் ஆயிலின் அளவில்தான் இருக்கும். அதனால்தான் அது செயினில் சொட்டுவிட்டதும் இடுக்குகளில் ஓடுகிறது.

எனக்கு முடிவைத் தந்த விஷயம் ஒன்றே ஒன்று: செயினில் படிந்த பழைய எண்ணெயைக் கழுவி எடுப்பது.

ஸ்ப்ரேயில் கெட்டியான பசைபோன்ற எண்ணெயைக் கரைப்பானில் கலந்து அடைத்திருக்கிறார்கள். அடித்ததும் தண்ணீராகப் பாயும், கொஞ்ச நேரத்தில் கரைப்பான் ஆவியாகிப் பசை தங்கிவிடும். ஒட்டிக்கொள்வதுதான் அதன் சிறப்பு. தார்ச் சாலையிலேயே ஓடும் வண்டிக்கு அது நல்ல குணம். என் சாலையில் அந்தப் பசைமேல் மணல் ஒட்டியது. அதன்மேல் நான் மறுபடி ஸ்ப்ரே அடித்தேன். அதன்மேல் மறுபடி மணல். 17,000-இல் செயின் ஸ்ப்ராக்கெட் கிட் மாற்றுவதற்காக முன் ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றியபோது உள்ளே தார் உருண்டை மாதிரி ஒரு கறுப்புக் கட்டி அடைத்திருந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது. விரலில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்றது. வால்வு உட்காரும் இடத்தைத் தேய்க்க மெக்கானிக்குகள் பயன்படுத்தும் கிரைண்டிங் பேஸ்டுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஸ்ப்ராக்கெட் பல்லெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொக்கி மாதிரி ஆகியிருந்தது.

கிட் மாற்றித் தந்த அண்ணாச்சி அந்தக் கட்டியை எடுத்துக் காட்டிவிட்டுச் சொன்னார்: "எண்ணெ எதுவா வேணா இருக்கட்டும் தம்பி, மண்ணு இல்லாமப் பாத்துக்கிடுங்க. மண்ணுதான் செயினைத் திங்கும்."

ஸ்ப்ரே அடிக்கிறவர் ஒவ்வொரு முறையும் பழைய பசையை முழுதாகக் கழுவிவிட்டு அடித்தால் இந்தப் பிரச்சினை வராது. அது எனக்குத் தெரியும். ஆனால் கழுவ மண்ணெண்ணெய் வேண்டும். ரேஷனில் அது வருவது குறைந்துபோன பிறகு வெளியே தேடி அலைய வேண்டியிருக்கிறது. பெட்ரோலில் கழுவக் கூடாது, ரப்பர் வளையம் கெட்டுவிடும். செயின் கிளீனர் என்று தனி டப்பா விற்கிறார்கள், நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் லூபுக்கு ஆகும் அளவு செலவு அதற்கும் ஆகும். இவ்வளவும் இருந்தாலும் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து தேய்க்க வேண்டும். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. முதல் இரண்டு மாதம் செய்தேன். பிறகு 'இந்தத் தடவை மேலாக அடித்துவிடுவோம்' என்று தள்ளினேன். என்னைப் போலப் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், ஏனென்றால் அந்த வேலை கடினமானது.

கியர் ஆயில் இந்தச் சிக்கலை அடியோடு மாற்றிவிடுகிறது. புது எண்ணெயே பழைய எண்ணெயைக் கழுவிவிடும். காயாது, பசையாகாது. அரையங்குலப் பெயிண்ட் பிரஷ்ஷை எண்ணெயில் தொட்டு, செயினின் நான்கு பக்கமும் ஒரு சுற்றுத் தேய்த்தால் மணலும் உப்பும் இளகி வந்துவிடும். பனியன் வேஸ்ட்டால் இறுக்கிப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால் கறுப்பாக இறங்கும். இரண்டு சுற்று துடைத்து, இன்னொரு தடவை சொட்டுவிட்டால் முடிந்தது. பதினைந்து நிமிடம். வேலை லேசாக இருப்பதால் நான் தவறவிடுவதில்லை. இரண்டாவது செயின் நன்றாக இருப்பதற்கு எண்ணெயின் தரத்தைவிட இதுதான் காரணம் என்று நம்புகிறேன். சென்ற மாதம் முன் ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றிப் பார்த்தேன். ஈரமான அழுக்கு இருந்தது, துணியால் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்னோரத்தில் செயினைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், பல்லில் கால்வாசிகூட வெளியே தெரியவில்லை. பாதிப் பல் தெரிந்தால்தான் மாற்ற வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் தெருவில் வண்டியின் சீட்டுக்குக் கீழ் வரை தண்ணீர். இரண்டு நாள் அப்படியே நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் செயின் முழுக்கச் செந்நிறம், சேறு காய்ந்து லிங்க்கெல்லாம் மூடியிருந்தது. அப்போது அது 6,000 கிலோமீட்டர்கூட ஓடாத செயின். இன்ஜின் ஆயிலை மாற்றுவது, ஏர் ஃபில்டரைப் பார்ப்பது என்று முக்கியமான வேலைகளை முடித்துவிட்டு, செயினை நல்ல தண்ணீரில் கழுவி, பக்கத்து வீட்டு அக்கா தந்த அரை லிட்டர் மண்ணெண்ணெயில் தேய்த்து, கியர் ஆயிலைத் தாராளமாக விட்டு இரவு முழுக்க ஊறவைத்தேன். அடுத்தடுத்து மூன்று இரவு. மேல்துரு எண்ணெயோடு இளகி இறங்கியது. ஒரு லிங்க்கூட இறுகவில்லை. உள்ளே இருந்ததைக் காப்பாற்றியது ஓ-ரிங், அதன் பெருமையைக் கியர் ஆயிலுக்குத் தரமாட்டேன். ஆனால் இடுக்கில் இருந்த துருவை வெளியே கொண்டுவர ஓடுகிற எண்ணெய்தான் உதவும், பசை உதவாது.

கியர் ஆயிலின் குறைகளும் சின்னவை அல்ல. முதல் குறை, தெறிக்கும். ரிம்மில் கறுப்புப் புள்ளி, நம்பர் பிளேட்டில் கறுப்புப் புள்ளி. என் மனைவியின் வெளிர் நிறச் சேலை ஒன்று இதனால் பாழானது. செயின் கவர் பாதியாக இருக்கும் வண்டியில் பின்னால் சேலையோ துப்பட்டாவோ கட்டியவர் உட்கார்ந்தால் இதை யோசித்தே ஆக வேண்டும். டயரில் தெறித்தால் அது அழகுப் பிரச்சினை அல்ல, வழுக்கும் பிரச்சினை. இரண்டாவது குறை, மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் நான் மூன்று நாளுக்கு ஒருமுறை எண்ணெய் விடுகிறேன், இல்லாவிட்டால் உப்புக்காற்றில் நான்காம் நாளே தகட்டில் துரு பூக்கும். ஸ்ப்ரே இங்கே தெளிவாக மேல். மூன்றாவது, டைல்ஸ் போட்ட போர்ட்டிகோவில் சொட்டினால் கறை போகாது, பழைய செய்தித்தாளோ அட்டையோ விரிக்க வேண்டும்.

தெறிப்பைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது, அதைக் கற்ற பிறகுதான் வீட்டில் சண்டை நின்றது. மாலையில் வண்டி ஓட்டி வந்து செயின் சூடாக இருக்கும்போதே மெயின் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில், இன்ஜினை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். கீழ்ச்செயினின் உள்பக்கத்தில், ரோலருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஊசியில்லாத சிரிஞ்சால் லிங்குக்கு ஒரு சொட்டு. சக்கரம் சுற்றும்போது எண்ணெய் தானாக வெளிப்பக்கம் போகும், அதனால் வெளியே தடவத் தேவையே இல்லை. இரவு முழுக்க வடியவிட்டு, காலையில் கிளம்பும் முன் வெளித்தகட்டை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். தெறிப்பது வெளியே மிஞ்சிய எண்ணெய்தான். இப்படிச் செய்தால் முன்பு தெறித்ததில் கால்வாசிகூடத் தெறிப்பதில்லை.

இன்ஜினை ஓடவிட்டு கியர் போட்டுச் சக்கரத்தைச் சுழலவைத்துத் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். துணி செயினில் மாட்டினால் விரலையும் சேர்த்து ஸ்ப்ராக்கெட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகும், கண் இமைக்கும் நேரத்தில்.

அப்பாவின் ஸ்ப்ளெண்டருக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. ஓ-ரிங் இல்லாத சாதாரணச் செயின், முழுதாக மூடிய செயின் கவர். அங்கே நாம் விடும் எண்ணெய்தான் பின்னுக்குள்ளேயும் போயாக வேண்டும், ஓடுகிற கியர் ஆயில்தான் சரி. மூடியிருப்பதால் தெறித்தாலும் கவலையில்லை. கவரில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, சக்கரத்தைச் சுற்றியபடி சொட்டுவிட்டால் போதும்.

வாக்ஸ் வகை ஸ்ப்ரே ஒரு டப்பா மட்டும் பயன்படுத்தியிருக்கிறேன். மணல் ஒட்டுவது சாதாரண ஸ்ப்ரேயைவிடக் கண்கூடாகக் குறைந்தது. ஒரு டப்பாவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, தேரிக்காட்டுப் பக்கம் அன்றாடம் ஓட்டுகிறவர் யாராவது ஒரு வருடம் போட்டுப் பார்த்தால் அவர் பேச்சுக்கு என் பேச்சைவிட மதிப்பு அதிகம். அதுபோல 390, 650 சிசி வண்டிகளின் வேகத்தில் கியர் ஆயில் எவ்வளவு நேரம் தங்கும் என்பதிலும் என் அனுபவம் செல்லாது. நான் 80-ஐத் தாண்டுவது அபூர்வம்.

ஸ்ப்ரேயை நான் முழுக்கக் கைவிடவும் இல்லை. போன தை மாதம் கொடைக்கானல் போனபோது பையில் ஒரு சின்ன டப்பா வைத்திருந்தேன். லாட்ஜ் வாசலில் எண்ணெய் டின்னும் சிரிஞ்சும் அட்டையுமாக உட்கார முடியாது, பின்னால் மனைவியும் இருந்தார். 700 கிலோமீட்டருக்கு நடுவில் இரண்டு தடவை லேசாக அடித்தேன். ஊர் திரும்பிய மறுநாள் காலையில் கியர் ஆயில் தொட்ட பிரஷ்ஷை எடுத்து அந்தப் பசையைத் தேய்த்து இறக்கினேன். நாற்பது நிமிடம் ஆனது.