சாவிக்கொத்தில் ஆறு மாதமாகக் கிடக்கும் யூபிகீ

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. மெயில் வைத்திருப்பவர்கள் ஏழு பேர். மெயிலைத் திறக்கக் கடவுச்சொல்லோடு சேர்த்துக் கம்ப்யூட்டரில் செருகும் சின்னப் பாதுகாப்புச் சாவிதான் யூபிகீ. ஆளுக்கு இரண்டு என்று பதினான்கு வாங்கினோம். யூபிகோ கம்பெனியின் 'செக்யூரிட்டி கீ என்எஃப்சி', யுஎஸ்பி-ஏ மாடல்.

வாங்க வைத்த கதை இது. கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் கொரியர் ஆவணம் என்று வந்த மெயிலைத் திறந்து, கடவுச்சொல்லையும் செல்லுக்கு வந்த ஓடிபியையும் அடித்துவிட்டார். பக்கம் போலி. அந்த ஓடிபியை அதே நிமிடம் அசல் பக்கத்தில் போட்டு எவனோ உள்ளே வந்துவிட்டான். இரண்டு வாரம் சத்தமில்லாமல் மெயில்களைப் படித்தான். பிறகு எங்கள் ஜெர்மனி பையருக்கு எங்கள் இன்வாய்ஸே போனது, வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறு. பையர் சந்தேகப்பட்டு போன் செய்ததால் பணம் தப்பியது. அக்கா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஓடிபி இருந்தால் போதும் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்ததே நான்தான், அவரை என்ன சொல்ல?

யூபிகீ இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. எந்தத் தளத்தில் பதிவு செய்தோமோ அந்த முகவரிக்கு மட்டும்தான் பதில் தரும். போலிப் பக்கம் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் முகவரி வேறு என்பதால் வேலை செய்யாது. நாம் ஏமாந்தாலும் அது ஏமாறாது. 2022 ஜூலையில் கிளவுட்ஃபிளேர் என்ற இணையப் பாதுகாப்புக் கம்பெனியின் ஊழியர்கள் மூன்று பேர் போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லை அடித்தும் யாராலும் உள்ளே வர முடியவில்லை, காரணம் இப்படிப்பட்ட சாவிகள். ஏறக்குறைய அதே சமயம், எஸ்எம்எஸ் சேவை தரும் ட்விலியோ கம்பெனியில் புகுந்துவிட்டார்கள்.

பயன்படுத்துவது சுலபம். செருகி, தங்க நிற வட்டத்தைத் தொட்டால் போதும். செல்லில் என்றால் பின்பக்கம் ஒட்டிக் காட்ட வேண்டும், என்எஃப்சி என்ற கம்பியில்லா வசதி அதைப் படித்துக்கொள்ளும். "ஏனுங்க தம்பி, இது டிஎஸ்சி டோக்கனுங்களா?" என்று முதலில் எல்லோரும் கேட்டார்கள். டிஜிட்டல் கையெழுத்துப் போடச் செருகும் யுஎஸ்பியைச் சொல்கிறார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கிறது. ஆனால் டிரைவர் தொல்லை இல்லை, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் செலவு இல்லை, பேட்டரியும் இல்லை. கூகுள் ஒர்க்ஸ்பேஸ் நிர்வாகப் பக்கத்தில் 'பாதுகாப்புச் சாவி மட்டும்' என்று கட்டாயமாக்கினேன். அதைச் செய்யாவிட்டால் வாங்கியது வீண். திருடன் ஓடிபி வழியாகவே வந்துவிடுவான்.

குறைகள் உண்டு. சாவிக்கு நாம் வைத்த பின் எண்ணை எட்டு முறை தவறாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும், அப்புறம் முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகத்தான் பதிய வேண்டும். முதலாளி இரண்டாம் நாளே செய்து காட்டினார். என்எஃப்சி இல்லாத பழைய செல் வைத்திருக்கும் பேக்கிங் சூப்பர்வைசர் இப்போது ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும்தான் மெயில் பார்க்கிறார். எங்கள் வங்கியின் இணையப் பக்கம் இதை ஏற்பதில்லை, அங்கே பழைய ஓடிபிதான். இன்னொன்று, சாவிக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்கவே முடியாது. 2024 செப்டம்பரில் 5.7க்கு முந்தைய பதிப்புகளில் ஓர் ஓட்டை இருப்பது வெளிவந்தது. சாவியைக் கையில் எடுத்து ஆய்வுக்கூடக் கருவிகளோடு உட்கார்ந்தால்தான் அதைப் பயன்படுத்த முடியும் என்பதால் எங்களைப் போன்றவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தந்தால் வேண்டாம் என்பேன்.

எங்களுக்கு நூல் தரும் மில்லின் மெயில் முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி "கணக்கு எண் மாறிவிட்டது" என்று வரும் மெயிலை இது தடுக்காது. அதற்கு எங்களிடம் இருப்பது ஒரு பழைய டைரி. அதில் எழுதியுள்ள எண்ணுக்கு போன் செய்து கேட்காமல் அக்கா இப்போது ஒரு ரூபாய் அனுப்புவதில்லை.

ஆளுக்கு இரண்டாவது சாவி, பெயர் எழுதிய கவரில், ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. பீரோவின் சாவியை முதலாளி இந்த மாதம் இரண்டு தடவை தொலைத்துவிட்டார்.