மான் கறியை வெட்டக் கொடுத்த இடத்தில் ஏமாந்தேன்: விஸ்கான்சினில் வேட்டைக்குப் போகும் நம்மவர்கள் கவனத்துக்கு

நவம்பரில் மான் அடித்து, அதை வெட்டிப் பொட்டலம் போட்டுக் கொடுக்கும் கடையில் விடுகிற வழக்கம் உங்களுக்கு இருந்தால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். நான் கொடுத்தது என் மான் ஒன்றை. திரும்பி வந்த கொத்துக்கறியில் யார் யாரோ அடித்த மான்கள் இருந்தன. கூடவே ஈயத் துணுக்கும் மாட்டுக் கொழுப்பும். புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. ஆனால் நடந்தது எதையும் மறைக்கவில்லை.

மேடிசனுக்குக் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. நம் ஊரில் மானைத் தொட்டால் சிறை. 1972-ஆம் வருடத்து வன உயிரினச் சட்டத்தைச் சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டவன் நான். இங்கே அது நேர்மாறு. வெள்ளை வால் மான்கள் பெருகிச் சாலையில் வண்டிகளில் அடிபடுகின்றன, மக்காச்சோள வயலை மேய்கின்றன, அதனால் அரசே உரிமம் கொடுத்து அடிக்கச் சொல்கிறது. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கி சீசன். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் என்னைப் பாதுகாப்பு வகுப்புக்கு அனுப்பி, ஆரஞ்சுச் சட்டை வாங்கவைத்து, தன் நிலத்துக்குக் கூட்டிப்போனவர். இது என் நான்காவது சீசன்.

2024 நவம்பர் 23, முதல் நாள் காலை. விஸ்கான்சினின் அயோவா கவுண்டியில் ஒரு ஓடைக்கரை மேட்டில் உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி வாக்கில் பெரிய பெட்டை மான் ஒன்று பக்கவாட்டில் வந்து நின்றது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலில் ஒரே குண்டு. அறுபது எழுபது அடிதான் ஓடியது. நான் முழுக்கச் செம்பால் ஆன குண்டுதான் போடுவேன். ஈயக் குண்டு உடம்புக்குள் நொறுங்கி, காயத்திலிருந்து ஓர் அடிக்கு மேலும் துணுக்குகளைச் சிதறவிடும். 2008-இல் வட டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாகக் கொடுத்த மான் கொத்துக்கறியில் ஈயம் தெரிந்து, இலவச உணவு கொடுக்கும் இடங்களிலிருந்து அதை எடுக்கச் சொன்னார்கள். வீட்டில் ஆறு வயதுப் பெண் இருக்கிறாள். குழந்தைகளுக்கு ஈயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. அதனால் பெட்டிக்கு இருபது டாலர் கூடுதலானாலும் செம்புதான். இந்த விவரத்தை மனதில் வையுங்கள், பின்னால் வரும்.

அங்கேயே குடலெடுத்து, வயிற்றுக்குள் ஐஸ் பைகள் வைத்தோம். பெரியவர் கொட்டகைத் தராசில் 138 பவுண்டு. வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி இருக்கும் இரண்டு மெல்லிய சதைகளை நானே அறுத்தெடுத்து வீட்டு ஃப்ரீசரில் போட்டேன். இணையத்தில் மானைப் பதிவு செய்தேன். அடித்த மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிய வேண்டும் என்பது விதி. அப்புறம் தலையைக் கழுத்தோடு சேர்த்து அறுத்து, பையில் கட்டி, இயற்கை வளத் துறை வைத்திருக்கும் பெட்டியில் போட்டேன். சி.டபிள்யூ.டி. (க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்) என்ற மான் நோய்க்கான பரிசோதனைக்கு. இலவசம்.

புதிதாக வருபவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சி.டபிள்யூ.டி. மானின் மூளையைத் தின்னும் நோய். உருமாறிய ஒரு புரதம், பிரியான் என்பார்கள், அதுதான் காரணம். மாடுகளுக்கு வந்த பைத்திய நோயின் உறவுக்காரன். விஸ்கான்சினில் 2002-இல் மவுண்ட் ஹோரப் அருகே முதலில் தெரிந்தது. இன்றைக்கு அயோவா, சாக், டேன், ரிச்லாண்ட் கவுண்டிகளில் மிக அதிகம். நோய் வந்த மான் ஒரு வருடத்துக்கு மேல்கூட நன்றாக, கொழுகொழுவென்றே திரியும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வேகவைத்தாலும் இந்தப் புரதம் அழியாது. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் இருப்பதாக முடிவு வந்தால் சாப்பிடாதீர்கள் என்றுதான் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது. உங்கள் மானை மற்றவற்றோடு கலக்காமல் தனியாக வெட்டச் சொல்லுங்கள் என்பதும் அவர்கள் அறிவுரைதான்.

அதையேதான் கடையில் முதல் வார்த்தையாகக் கேட்டேன். "தனியாக வெட்டுவீர்களா? கொத்துக்கறியும் தனியாகவா?" கவுண்டரில் இருந்த பையன் ஆமாம் என்றான். அதற்கு 30 டாலர் கூடுதல். மொத்தம் 155 டாலர். "எதுவும் சேர்க்க வேண்டாம், வெறும் மான் கறி மட்டும்" என்றும் சொன்னேன். அவன் படிவத்தை நிரப்பினான். எனக்குப் பின்னால் வரிசை நின்றது, குளிர் கொன்றது, படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அது என் தவறு.

கொல்லைப் பக்கம் மானை இறக்கும்போது இன்னொன்றையும் பார்த்தேன். நாற்பது ஐம்பது மான்கள் தோலோடு ஒன்றன்மேல் ஒன்றாகத் தார்பாய் மேல் கிடந்தன. குளிர் அறையில் தொங்கவிட்டிருக்க வேண்டியவை. குவியலின் நடுவில் இருப்பது எத்தனை மணி நேரமானாலும் ஆறாது. அப்போதே என் மானைத் திருப்பி ஏற்றியிருக்க வேண்டும். முதல் நாள் கூட்டம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

டிசம்பர் நடுவில் கூப்பிட்டார்கள். அதற்குள் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. நோய் இல்லை. சந்தோஷமாகப் போய் இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்துவந்தேன். வீட்டில் நிறுத்துப் பார்த்தால் மொத்தமே 34 பவுண்டு. குடலெடுத்த எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எலும்பில்லாத கறி தேறும் என்பது பொதுக் கணக்கு. என் மானுக்கு 55-ஆவது வந்திருக்க வேண்டும். முதுகுத்தண்டின் இரு பக்கமும் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஓடும் பேக்ஸ்ட்ராப், மானிலேயே ஆகச் சிறந்த கறி, என் கை நீளத்துக்கு மேல் இரண்டு இருக்க வேண்டும். பெட்டியில் உள்ளங்கை அளவு நான்கு துண்டு. வேட்டைக்கறியை இங்கே விற்கக் கூடாது. ஹோட்டலில் கிடைக்கும் மான் கறி பெரும்பாலும் பண்ணையில் வளர்த்தது, அதில் நிறைய நியூசிலாந்திலிருந்து வருவது. அப்படியென்றால் என் பேக்ஸ்ட்ராப் யார் வீட்டுச் சட்டியில் வெந்தது? இதற்கு இன்றுவரை பதில் இல்லை.

அப்போது அம்மா தேவகோட்டையிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். முதல் வாரமே இரண்டு தடவை கொத்துக்கறிக் குழம்பு வைத்தோம். இரண்டாவது தடவை அம்மா கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்ப்பா, மான் கறியில கொழுப்பே இருக்காதுன்ன. இதுல இவ்வளவு எண்ண மிதக்குதே?"

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். மான் கொழுப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மெழுகு மாதிரி இறுகி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், வாடையும் வரும். அதனால்தான் வெட்டும்போதே கொழுப்பையும் வெள்ளைச் சவ்வையும் வழித்தெடுத்து எறிகிறோம். குழம்பில் மிதந்தது அது இல்லை. வாசனையும் வேறு. தெரிந்தும் யோசிக்காமல் சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோலா உருண்டை செய்யலாம் என்று என் மனைவி கறியை அரைத்து, பொட்டுக்கடலை மாவும் சோம்பும் தேங்காயும் போட்டுப் பிசைந்து உருட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று "இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். அவள் உள்ளங்கையில் மிளகில் பாதி அளவுக்கு ஒரு சாம்பல் நிறத் துணுக்கு. நகத்தால் கீறினேன், பள்ளம் விழுந்தது. வெள்ளைத் தாளில் இழுத்தேன், பென்சில் மாதிரி கோடு போட்டது. ஈயம். நான் சுட்டது செம்பு. செம்பு இப்படி நகத்துக்கு வளையாது, சாம்பல் கோடும் போடாது. அந்தத் துணுக்கு என் மானிலிருந்து வந்திருக்கவே முடியாது.

உருட்டியதையெல்லாம் அப்படியே நிறுத்தினோம். படிவத்தின் நகலைத் தேடி எடுத்து முதல் தடவையாகப் படித்தேன். அடியில் பொடி எழுத்தில், வேறு மாதிரி குறிக்காவிட்டால் கொத்துக்கறியில் பத்து சதவீதம் மாட்டுக் கொழுப்பு சேர்க்கப்படும் என்று இருந்தது. 'எதுவும் சேர்க்காதது' என்ற கட்டத்தில் பையன் குறியே போடவில்லை. ஆனால் 'தனி' என்று 30 டாலர் மட்டும் தெளிவாக எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

மறுநாள் நேரில் போனேன். முதலாளி கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. அதுதான் என்னை அதிகம் கலக்கியது. தொடையும் ஸ்டேக்கும் தனியாகத்தான் வெட்டுவார்களாம். கொத்துக்கறிக்கு மட்டும் ஐந்தாறு மானின் கறியை ஒன்றாகப் போட்டு அரைத்து, எடைக்கு ஏற்பப் பிரித்துக் கொடுப்பார்களாம். "சீசனில் ஒவ்வொரு மானுக்கும் மெஷினைக் கழுவ முடியுமா?" என்று என்னையே கேட்டார். பேக்ஸ்ட்ராப் குண்டு பட்டு வீணாகிவிட்டது என்றார். என் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். குண்டு நுழைந்த துளையும் வெளியேறிய துளையும் விலாவில், முதுகிலிருந்து ஒரு சாண் கீழே. அவர் படத்தைப் பார்த்துவிட்டு, 30 டாலரைத் திருப்பித் தருகிறேன், கூடவே சாசேஜ் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் எதையும் வாங்கவில்லை.

என் மானுக்கு நோய் இல்லை என்ற தாள் என்னிடம் இருக்கிறது. ஆனால் நாங்கள் சாப்பிட்டது அந்த மானை மட்டும் அல்ல. கூட அரைபட்ட மற்ற மான்களை யாராவது பரிசோதித்தார்களா என்று கடைக்கே தெரியாது. பரிசோதனை கட்டாயமில்லை, பலர் செய்வதில்லை. அப்படியானால் நான் தலையை அறுத்துப் பெட்டியில் போட்டு மூன்று வாரம் காத்திருந்ததற்கு என்ன அர்த்தம்? என் பெண் அந்தக் குழம்பை இரண்டு நாள் சாப்பிட்டாள். மருத்துவரிடம் கூட்டிப்போய் ரத்தத்தில் ஈயம் பார்த்தோம், நல்லவேளை ஒன்றுமில்லை. மற்றதற்கு அப்படிப் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது.

அம்மாவிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அறுபத்தெட்டு வயது வரை மாட்டுக்கறி தொடாதவர். கடைசியில் சொல்லிவிட்டேன். "நீ தெரிஞ்சா குடுத்த" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அடுத்த இரண்டு வாரமும் ரசம் சாதம்தான் சாப்பிட்டார். தன் தட்டில் என்ன விழ வேண்டும் என்பது அவர் முடிவு, அதை யாரோ ஒரு கட்டத்தில் குறி போடாமல் மாற்றிவிட்டார்கள். எனக்கு அந்த 155 டாலரைவிட இது பெரிசு.

எல்லாக் கடையும் இப்படி இல்லை. அதே கவுண்டியில் ஒவ்வொரு மானாக வெட்டி, அரைத்து, பொட்டலத்தில் உங்கள் பதிவு எண்ணை எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள் என்று பெரியவர் சொல்கிறார். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "தனியாகவா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "கொத்துக்கறியை எத்தனை மானோடு சேர்த்து அரைப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஆள் தடுமாறுவது தெரிந்துவிடும். மான்கள் எங்கே கிடக்கின்றன என்று கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்கள். காட்ட மறுத்தால் திரும்பிவிடுங்கள். மானைக் கொடுக்கும்போதே எடையை ரசீதில் எழுதி வாங்குங்கள், 'கொழுப்பு வேண்டாம்' என்பதை உங்கள் கையாலேயே எழுதுங்கள். சாசேஜ் கேட்டால் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு சேரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹலால் பார்ப்பவர்களுக்கு இது ரொம்ப அவசியம்.

முடிந்தால் நீங்களே வெட்டுங்கள். ஜனவரியில் பெரியவர் வில்லால் அடித்த ஒரு மானை அவர் கொட்டகையில் வைத்துப் பழகிக்கொண்டேன். ஐந்து மணி நேரம் ஆனது. முதுகெலும்பை ரம்பத்தால் அறுக்காமல், கறியை எலும்பிலிருந்து கத்தியால் வழித்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்டுக்கறி வாங்கும் ஞாபகத்தில் மூளை, சுவரொட்டி என்கிற மண்ணீரல் எடுத்துவைக்காதீர்கள். அந்த நோயின் புரதம் அதிகம் சேருவது மூளை, தண்டுவடம், மண்ணீரல், நிணநீர்க் கட்டிகளில்தான். நல்லிக்கறியும் முன்சப்பையும் குக்கரில் நன்றாக வேக வேண்டும். பேக்ஸ்ட்ராப்பை விரல் தடிமனில் நறுக்கி, சின்ன வெங்காயம், நுணுக்கிய மிளகு, நல்லெண்ணெயில் இரும்புச் சட்டியில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். அதற்கு மேல் விட்டால் ரப்பர்.

மிச்சமிருந்த கொத்துக்கறியை கருப்புப் பையில் கட்டிக் குப்பைக் கிடங்கில் சேர்த்தேன். பிரிக்காத மூன்று பொட்டலம், அந்த ஈயத் துணுக்கு, படிவ நகல், ரசீது, படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. மாநில நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன். தென் விஸ்கான்சினில் அந்த சீசனில் யாருக்காவது எடை குறைந்து வந்திருந்தால், கேட்காத கொழுப்பு சேர்ந்திருந்தால், ஃப்ரீசரில் இருக்கும் பொட்டலத்தை எறிந்துவிடாதீர்கள். மேலே ஒட்டிய தாளோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் ஒரு புகார் எழுதுங்கள்.