பழைய வண்டி விற்பவர்கள், வாங்குபவர்கள் கவனத்துக்கு: "விலையை மட்டும் பேசாதீங்க" என்று யாராவது சொன்னால்

திருச்சியில் என் பழைய ஆக்டிவாவை 42,000 ரூபாய்க்கு விற்க ஆன்லைனில் விளம்பரம் போட்டிருந்தேன். ஒருவர் போன் செய்தார். பேரமே பேசவில்லை. "என் மச்சானுக்குத்தான் சார் வண்டி. அவன் வந்து பார்ப்பான். எங்களுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு, அதனால விலையை மட்டும் அவன்கிட்ட பேசாதீங்க, பணம் நான் போடுறேன்" என்றார்.

மறுநாள் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் அப்பாவோடு வந்தான். ஓட்டிப் பார்த்தார்கள், ஆர்.சி.யைப் பார்த்தார்கள். அப்புறம் பையன் போனைத் தட்டிவிட்டு, "பணம் போட்டாச்சு அண்ணா, சாவி கொடுங்க" என்று திரையை நீட்டினான். 28,000 ரூபாய் போயிருந்தது. பணம் போன கணக்கில் இருந்த பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"உங்க தம்பி கணக்குதானேங்க?" என்றார் அப்பா. எனக்குத் தம்பியே கிடையாது.

என் விளம்பரத்துப் படங்களை எடுத்து, விலையைக் குறைத்து, எனக்குப் போன் செய்தவன் தனியாக ஒரு விளம்பரம் போட்டிருக்கிறான். என்னிடம் அவன் வாங்குபவரின் மச்சான், அவர்களிடம் விற்பவரின் தம்பி. "அண்ணன் கோபக்காரர், விலையை எடுக்காதீங்க" என்று அந்தப் பக்கமும் வாயைக் கட்டிவிட்டான். நாங்கள் கூப்பிட்டபோது போன் ஸ்விட்ச் ஆஃப். கொஞ்ச நேரம் அந்த அப்பா என்னையும் அவனுடைய கூட்டாளி என்றே நினைத்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

முன்பின் தெரியாத இருவர் ஆன்லைனில் கொடுக்கல் வாங்கல் செய்தால், முதலில் கொடுப்பவருக்குத்தான் ஆபத்து. இருவரும் நம்பும் மூன்றாம் ஆள் இல்லாமல் இதற்கு முழுத் தீர்வு கிடையாது என்று பாக்னியா, கார்ட்னர் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் 1999-இலேயே நிறுவியிருக்கிறார்கள். அதனால் இடையில் ஆள் இருப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் யார் என்று இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே ஒவ்வொருவரும் அவனை அடுத்தவரின் சொந்தக்காரன் என்று நம்பினோம். இருவரையும் பேசவிடாமல் தடுப்பவன் நடுவர் இல்லை, திருடன்.

உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்தோம். அந்தக் கணக்கில் மிச்சமிருந்த கொஞ்சத்தை முடக்கினார்கள், பெரும்பகுதி அதற்குள் வேறு கணக்குகளுக்குப் போய்விட்டது. இந்த மாதிரி விஷயத்தில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். முதலில் 1930-ஐ அழையுங்கள், இல்லையென்றால் சைபர் கிரைம் இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள். யார் மேல் தப்பு என்ற சண்டையெல்லாம் அப்புறம்.

வாங்குபவர்களே, பின் நம்பரை அடிக்கும் முன் ஆப்பில் வரும் பெயரையும் ஆர்.சி.யில் உள்ள பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் பணம் போடாதீர்கள். விற்பவர்களே, வந்தவரிடம் முதல் கேள்வியாக, "உங்ககிட்ட என்ன விலை சொன்னாங்க?" என்று கேளுங்கள். பணம் உங்கள் கணக்கில் ஏறியதை நீங்களே வங்கி ஆப்பைத் திறந்து பார்த்த பிறகுதான் வண்டியின் உரிமையை மாற்றும் படிவம் 29, 30-இல் கையெழுத்தும் சாவியும்.