ஸ்பீடோ பெட்டி மாட்டி தலவாக்கலையிலருந்து கதிர்காமம் போய் வந்தேன், மீட்டர் உண்மையிலயே சரியாச்சா?

பைக் மீட்டர்ல 80 காட்டுது, அதே நேரம் போன் ஜிபிஎஸ்ல 70 தான் காட்டுது. இது எனக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்ல, நூரலியா பக்கம் பைக் ஓட்டுற பாதிப் பேரு கேக்குற கேள்விதான். இதுக்குன்னு ஒரு சின்ன பெட்டி விக்கிறாங்க, சென்சர் வயருக்கு நடுவுல மாட்டினா மீட்டர் சரியாக் காட்டும்னு சொல்லி. அத வாங்கி மாட்டி மூணு மாசம் ஓட்டிட்டேன், ஒருக்கா கதிர்காமமும் போய் வந்தாச்சு, அதான் எழுதுறேன்.

என்கிட்ட இருக்கிறது 250 சிசி ஒத்த சிலிண்டர், ஃபுல் ஃபேரிங் போட்ட ஸ்போர்ட் டூரர். கம்பனி பேர் போடல, ஏன்னா மீட்டர் கொஞ்சம் கூடக் காட்டுறது எந்த கம்பனி பைக் எடுத்தாலும் இருக்கு, அது பிழையும் இல்ல, வேணும்னே அப்பிடித்தான் செய்றாங்க. ஐநா ரெகுலேஷன் 39ன்னு ஒன்னு இருக்கு, பல நாடுகள் அதத்தான் பின்பத்துது. மீட்டர் ஒருக்காலும் உண்மையான வேகத்த விட குறைச்சுக் காட்டக்கூடாது, கூடக் காட்டலாம், மோட்டார் சைக்கிளுக்குன்னா உண்மை வேகத்துல பத்துல ஒரு பங்கும் அதுக்கு மேல 8 கிலோமீட்டரும் வரைக்கும் கூடக் காட்டலாம்னு அதுல இருக்கு. அப்பிடிப் பார்த்தா நெசமா 100ல போற பைக் 118 காட்டினாலும் சட்டத்துக்குள்ளதான். டயர் புதுசா இருந்தா ஒரு சுத்தளவு, தேஞ்சா இன்னொரு சுத்தளவு, காத்து குறைஞ்சா, பின்னால ஆள் ஏறினா இன்னொன்னு. எந்த நெலமையிலயும் மீட்டர் குறைச்சுக் காட்டிடக் கூடாதுன்னா கம்பனிக்காரன் முன்கூட்டியே கொஞ்சம் ஏத்தி வச்சுத்தான் ஆகணும்.

என் பைக்ல அதுக்கு மேல இன்னொரு விஷயம் இருந்துச்சு. வாங்கின புதுசுலயே முன் ஸ்ப்ரொக்கட்ட, அதான் செயின இழுக்கிற பல்லுச் சக்கரத்த, 14 பல்லுலருந்து 13 பல்லுக்கு மாத்திட்டேன். மலைநாட்டுல ஓட்டுறவங்களுக்கு காரணம் சொல்லத் தேவையில்ல, ரம்பொடை ஏத்தத்துல கொண்டை ஊசி வளைவுல பின்னால ஆள வச்சிக்கிட்டு ரெண்டாவது கியர்ல ஏத்துறப்போ அந்த ஒரு பல்லு என்ன செய்யும்னு ஓட்டினவனுக்குத் தெரியும். ஆனா என் பைக்ல வேகத்த எண்ணுற சென்சர் கியர் பொக்ஸ் பக்கத்துல இருக்கு, சில்லுல இல்ல. அதனால பல்ல குறைச்சதும் அதே வேகத்துக்கு கியர் பொக்ஸ் தண்டு கூடச் சுத்தும், மீட்டர் அத வேகம்னு நெனச்சு ஏத்திக் காட்டும். 14ஐ 13ஆல வகுத்துப் பாருங்க, 7.7 வீதம் கூட வரும்.

அப்பாகிட்ட இருந்த பழைய ஹொண்டா எம்டி 90 பைக்ல இந்தப் பேச்சே இல்ல, அதுல முன் சில்லுலருந்து கேபிள் நேரா மீட்டருக்கு வரும், பின்னால என்ன ஸ்ப்ரொக்கட் போட்டாலும் மீட்டருக்கு சம்பந்தம் கிடையாது. இப்ப வர்ற சில ஏபிஎஸ் பைக்கும் சில்லுல உள்ள சென்சர்லருந்துதான் வேகத்த எடுக்குது. உங்க பைக் எந்த ரகம்னு பார்க்க சுகமான வழி இருக்கு, சென்டர் ஸ்டாண்ட்லயோ பெடொக் ஸ்டாண்ட்லயோ பின் சில்ல தூக்கி வச்சு மொதல் கியர்ல மெதுவா சுத்த விடுங்க. மீட்டர் ஏறலன்னா முன் சில்லுலருந்து எடுக்குது, ஸ்ப்ரொக்கட் மாத்தினதுக்காக இந்தப் பெட்டி வாங்கவே தேவையில்ல, காச மிச்சம் பிடிங்க. ஏறினா கியர் பொக்ஸ்ல இருக்கா பின் சில்லுல இருக்கான்னு பைக் திருத்துற பாஸ்கிட்ட ஒருக்கா கேட்டுக்குங்க.

பெட்டி மாட்டுறதுக்கு முந்தி அளந்தத சொல்றேன். போன வருஷம் வெல்லவாய தாண்டி தனமல்வில ரோட்டுல நானும் மச்சானும் போனோம், மலையில எங்கயும் 5 கிலோமீட்டர் ஒரே வேகத்துல ஓட்ட ஏலாது, எல்ல இறக்கம் முடிஞ்சு வெல்லவாய தாண்டினாத்தான் ரோடு நீட்டா கெடக்கும். மீட்டர்ல 60ல பிடிச்சேன், மச்சான் பின்னால இருந்து போன்ல ஸ்டாப்வாட்ச் அடிச்சார், ரோட்டோரத்து கிலோமீட்டர் கட்டைக்கு கட்டை பார்த்து 5 கட்டை. நெசமா 60ல போனா 5 நிமிஷம் ஆகணும். ஆனது 5 நிமிஷம் 42 செக்கன். 18000த்த 342ஆல வகுத்தா 52.6, அதாவது 60னு காட்டுறப்போ போனது 53 கூட இல்ல. அந்த 5 கட்டைக்கு தூரம் எண்ணுற ட்ரிப் மீட்டர் காட்டினது 5.4. ரெண்டையும் மச்சான் நோட்டுல எழுதி வச்சார், அந்த 5.4 எவ்வளவு பெரிய விஷயம்னு அன்னைக்கு எனக்கு விளங்கல.

ஜிபிஎஸ் இருக்குறப்போ கட்டை எண்ணுறது எதுக்குன்னு கேப்பாங்க. ஜிபிஎஸ் வேகம் நல்லாத்தான் காட்டும், ஆனா நேர் ரோட்டுல ஒரே வேகத்துல போறப்போதான் நம்பலாம். வளைவுல, வேகம் ஏறி இறங்குறப்போ பிந்தித்தான் வரும், ரம்பொடை சுரங்கத்துக்குள்ள போனா சுத்தமா நின்னுடும், ரெண்டு பக்கமும் மலை நெருங்குற இடத்துல வானம் தெரியாம தடுமாறும். கட்டைக் கணக்குக்கு இந்தத் தொல்லை இல்ல. ஒரு கட்டைய மட்டும் நம்பாதீங்க, ரோடு திருத்துறப்போ கட்டைய கொஞ்சம் தள்ளி நட்டிருப்பாங்க, அஞ்சோ பத்தோ எடுத்தாத்தான் சரி வரும்.

இனி பெட்டிக்கு வர்றேன். நெருப்புப்பெட்டி அளவுதான், பெட்டிக்கு 18,000 ரூபா, மாட்டுற கூலி 2,500. ஒன்லைன்ல ஓடர் பண்ணினேன், மொதல்ல வந்தது வேற பைக்கோட கனெக்டர், மாத்தி எடுக்க மூணு கிழமை போச்சு, ஓடர் பண்றப்போ உங்க சென்சர் சொக்கட்ட போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. தலவாக்கலையில எங்க பாஸ்தான் மாட்டினார். சென்சருக்கு மூணு வயர், ஒன்னு கரண்ட், ஒன்னு எர்த், ஒன்னு சிக்னல். பெட்டி சிக்னல் வயருல வர்ற துடிப்ப எண்ணி நாம சொல்ற வீதத்துக்கு கூட்டியோ குறைச்சோ மீட்டருக்கு அனுப்புது, அவ்வளவுதான் வேலை. எதையும் வெட்டாம சொக்கட்டுக்கு சொக்கட் பூட்டிடலாம், விக்கிறப்போ கழட்டிடலாம். "தம்பி, நம்ம ஊர் மழைக்கும் பனிக்கும் இத இப்பிடியே விட்டா ரெண்டு மாசம் தாங்காது"ன்னு சொல்லி பாஸ் கனெக்டர்ல கிரீஸ் வச்சு, ரப்பர் டியூப் சுத்தி, சீட்டுக்கு கீழ உயரமான இடத்துல கட்டி விட்டார். இந்த மூணு மாசத்துல விடாம பெஞ்ச மழையிலயும் ஒரு தடவ கூட மீட்டர் துள்ளல, அந்தக் கூலி அவருக்குத் தகும்.

பெட்டியோட வந்த தாள்ல ஜிபிஎஸ் வேகத்தையும் மீட்டர் வேகத்தையும் பார்த்து ரெண்டும் ஒன்னா வர்ற மாதிரி செட் பண்ணச் சொல்லி இருந்துச்சு. நானும் அப்பிடியே 12.4 வீதம் குறைச்சேன். மீட்டர்ல 80, போன்லயும் 80, பார்க்க அவ்வளவு சந்தோஷம். அப்பிடியே ஒன்றரை மாசம் ஓட்டிட்டு கதிர்காமத்துக்குக் கிளம்பினோம், விடிய நாலு மணிக்கு நானுஓயா, நூரலியா, வெலிமடை, பண்டாரவளை, எல்ல வழியா இறங்கி வெல்லவாயயில தேத்தண்ணி குடிச்சிட்டு பழைய இடத்துல திரும்ப கட்டை எண்ணினோம். 20 கட்டை போயிருக்கு, ட்ரிப் மீட்டர் 18.9 காட்டுது.

அங்கயே பைக்க ஓரங்கட்டி பழைய நோட்ட எடுத்து கணக்கு போட்டோம். விஷயம் என்னன்னா, கம்பனிக்காரன் ஏத்தி வைக்கிறது வேகத்த மட்டும்தான், தூரத்த இல்ல. மீட்டருக்குள்ள முள்ளுக்கோ இலக்கத்துக்கோ போற கணக்கு வேற, கிலோமீட்டர் ஓடுற கணக்கு வேற. பெட்டி மாட்டுறதுக்கு முந்தி தூரம் 5க்கு 5.4 காட்டினது முழுக்க அந்த ஒரு பல்லு செஞ்ச வேலை, 5ஐ 1.077ஆல பெருக்கினா அதேதான் வருது. வேகத்துல இருந்த மிச்ச 6 வீதம்தான் கம்பனி போட்டது. நான் ரெண்டையும் சேர்த்து வெட்டினதால வேகம் சரியாச்சு, தூரம் குறைஞ்சு போச்சு. பெட்டியால வேகத்த ஒரு மாதிரியும் தூரத்த இன்னொரு மாதிரியும் திருத்த ஏலாது, ரெண்டுக்கும் போறது ஒரே சிக்னல்.

அங்க வச்சே 7.1 வீதத்துக்கு மாத்தினேன், 14ல ஒரு பல்லு குறைஞ்சதுக்கு வர்ற கணக்கு அதுதான். பட்டன் ரெண்டும் ரொம்பச் சின்னது, கையுறை போட்டுக்கிட்டு அமுக்க ஏலாது, விளக்கு எத்தன தரம் மின்னுதுன்னு எண்ணித்தான் இலக்கம் போடணும், வெல்லவாய வெயில்ல அந்த விளக்கு கண்ணுக்கே தெரியல, மச்சான் ஜக்கெட்டால மறைச்சுப் பிடிச்சார். பெட்டியில எனக்கு மெய்யாவே பிடிக்காதது இது ஒன்னுதான். பெட்டரிய கழட்டினாலும் போட்ட இலக்கம் அழியல, அது நல்லது.

அதுக்குப் பிறகு 5 கட்டைக்கு 5.0. 60னு காட்டிப் போனா 5 நிமிஷம் 18 செக்கன், அதாவது நெசமா 56.6. 80 காட்டினா 75 சொச்சம். இப்ப அப்பிடியேதான் வச்சிருக்கேன், இனி மாத்த மாட்டேன். கம்பனி ஏத்தி வச்ச அந்த 6 வீதத்துல கை வைக்காதீங்கன்னுதான் வாங்குறவங்களுக்கு நான் சொல்றது. டயர் மாத்துற நாள்ல சுத்தளவு கூடினா அந்த இடைவெளிதான் உங்கள 50 போர்டு போட்ட இடத்துல பொலிஸ்காரர்கிட்டருந்து காப்பாத்தும். தூரம் சரியா இருக்கிறதுதான் நமக்கு தெனமும் உதவுது. முந்தி லீட்டருக்கு 35 ஓடுதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன், நெசமா ஓடினது 32.5தான். 12.4ல வச்சிருந்த நாள்ல 4000ல ஒயில் மாத்துறதா நெனச்சு ஓட்டியிருந்தா நெசத்துல 4240 ஓடியிருக்கும். பெற்றோல் ஷெட் தூரத்துக்கு ஒன்னு இருக்குற ரோட்டுல ட்ரிப் மீட்டர நம்பித்தானே போறோம்.

டயர் மாத்துறவங்களும் இதப் பார்த்துக்குங்க. என்னுது 140/70-17. அதே அகலத்துல 140/60 கிடைக்குதுன்னு போட்டா சுத்தளவு நாலரை வீதம் குறையும், மீட்டர் அவ்வளவு கூடக் காட்டும், பைக் பின்னால தணிஞ்சும் போகும். 150/60 போட்டா ரெண்டரை வீதம்.

டொப் ஸ்பீட் கதையையும் சொல்லணும், ஏன்னா கிரகரி வாவி பக்கம் ஞாயிறுல பைக் நிப்பாட்டினா மொதல் கேள்வியே அதுதான். ஒரு தம்பி இதே மாதிரி 250ல, அதே 13 பல்லு போட்டு, 158 அடிச்சதா சொன்னார். அவர் பொய் சொல்லல, மீட்டர் காட்டியிருக்கும். அவர் மீட்டரும் என்னுது மாதிரியே இருந்தா நெசமா 138. பெரிய மோட்டார் சைக்கிளும் இப்பிடித்தான் பேர் வாங்கிச்சு, 1999ல சுசுக்கி ஹயபுசா வந்தப்போ மீட்டர்ல 350 வரைக்கும் இலக்கம் இருந்துச்சு, பைக் நெசமா அந்த வேகம் போகல, 300 தாண்டினதே பெரிய விஷயம், அதுக்குப் பிறகு கம்பனிகள் தங்களுக்குள்ள பேசி 300ஓட நிப்பாட்டிக்கிட்டாங்க. ஜப்பான்லருந்து பாவிச்சு வந்த 400 சிசி பைக் வச்சிருக்கிறவங்களுக்கு இன்னொன்னு, அங்க உள்ளூருக்கு செஞ்ச பைக்ல 180லயே வெட்டி விடும், எஞ்சின் பிழைன்னு நெனச்சு கராஜுக்கு கொண்டு போகாதீங்க.

நூரலியா 1,868 மீட்டர் உயரம், காத்தழுத்தம் கடற்கரையில உள்ளதுல அஞ்சுல நாலு பங்குதான். அதனால மேல டொப் ஸ்பீட் ரொம்ப விழும்னு சொல்றாங்க, அது பாதிதான் சரி. எஞ்சினுக்கு காத்து குறையுது, இழுவை குறையுது, இன்ஜெக்ஷன் பைக்கா இருந்தா பெற்றோல அளவா குறைச்சுக்கும், ஆனா இல்லாத காத்த கொண்டு வர ஏலாது. அதே நேரம் பைக்க முன்னால இருந்து மறிக்கிற காத்தும் லேசாகுது. ரெண்டும் கிட்டத்தட்ட ஈடாகிடுறதால கடைசி வேகம் நெனக்கிற அளவு விழாது, ஏத்தத்துல இழுக்கிறதுதான் விழும். அதுக்குத்தான் அந்த 13 பல்லு. எப்பிடியும் நம்ம நாட்டுல அதிவேகப் பாதையில மோட்டார் சைக்கிள விடுறதில்ல, தேயிலைக்கு நடுவுல உள்ள ரோட்டுல பஸ் எதிர்ல வர்ற வளைவுல 138ம் தேவையில்ல 158ம் தேவையில்ல, எனக்கு வேணும்னது 50 எங்க இருக்குன்னு சரியாத் தெரியுறதும் டேங்கில மிச்சம் எவ்வளவு தூரம்னு தெரியுறதும்தான், அது கிடைச்சிருக்கு.

ஸ்ப்ரொக்கட் மாத்தி, கியர் பொக்ஸ் சென்சர் உள்ள பைக்கா இருந்தா தயங்காம வாங்குங்க. ஸ்ப்ரொக்கட் கம்பனி அளவுலயே இருந்தா வாங்க வேண்டாம், தூரம் ஏற்கனவே சரியாத்தான் ஓடிக்கிட்டிருக்கும். போற வழியில ரெண்டு பேரா போய் கட்டைய எண்ணிப் பாருங்க, அஞ்சு கட்டை போதும், செலவில்ல. மாட்டுறதுக்கு முந்தி எடுத்த கணக்க நோட்டுல எழுதி வச்சுக்குங்க.