கொல்கத்தா அன்னை இல்லம்: மின்விசிறி இல்லாத அறை

புனித அன்னை தெரசாவின் வரலாற்றைப் பலமுறை படித்தவர்களும், கொல்கத்தாவில் ஆச்சார்ய ஜெகதீஷ் சந்திர போஸ் சாலையில் உள்ள மிஷனரீஸ் ஆஃப் சேரிட்டி சபையின் தலைமை இல்லத்தை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். வியாழக்கிழமை தவிர மற்ற நாள்களில் காலையிலும் பிற்பகலிலும் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள். நண்பகலில் மூடிவிடுவதால் காலையிலேயே செல்வது நல்லது. கட்டணம் கிடையாது.

தரைத்தளத்தில் அன்னையின் கல்லறை இருக்கிறது. அலங்காரம் ஏதுமற்ற அந்த வெண்ணிறக் கல்லறையின் மேல், சகோதரிகள் சாமந்திப் பூக்களால் ஒரு சிறு வாக்கியத்தை எழுதி வைக்கிறார்கள். வெளியே பேருந்துகளின் ஒலிப்பான் ஓயாது கேட்க, உள்ளே சிலர் முழந்தாளிட்டு மன்றாடிக்கொண்டிருந்தனர்.

அருகிலுள்ள சிறிய கண்காட்சி அவருடைய வாழ்வை வரிசையாகச் சொல்கிறது. 1910-இல் ஸ்கோப்யேயில் பிறந்து, 1929-இல் லொரேட்டோ என்ற கன்னியர் சபையினராக இந்தியா வந்து, கொல்கத்தாவின் என்டாலி பகுதிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர், 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் ரயிலில், ஏழைகளிடையே வாழும்படி இறைவன் அழைப்பதை உணர்ந்தார். 1948-இல் மோதிஜீல் சேரிக்குச் சென்று, கரும்பலகை இல்லாததால் மண்தரையில் குச்சியால் எழுதி வகுப்பெடுத்தார். 1950 அக்டோபர் 7 அன்று அவர் தொடங்கிய மிஷனரீஸ் ஆஃப் சேரிட்டி சபைக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. இவை தெரிந்த செய்திகளே. ஆனால் அவர் அணிந்து தேய்ந்த செருப்பைப் பார்த்தபோது எனக்கு அடுத்த பலகைக்கு நகர மனம் வரவில்லை. நீலக்கரை போட்ட வெண்சேலையையும் கவனித்துப் பாருங்கள்: அச்சேலைகளை டிட்டாகரில் உள்ள சபையின் தொழுநோய் மையத்தில், நோயிலிருந்து மீண்டவர்கள் தறியில் நெய்கிறார்கள்.

மாடிப்படி ஏறினால் அவர் வாழ்ந்த அறை. ஒடுக்கமான கட்டில், எழுதும் மேசை, கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு முள்முடி. வேறு பெரிதாக ஒன்றுமில்லை. சமையலறைக்கு நேர் மேலே இருப்பதால் அடுப்பின் சூடு முழுவதும் அந்த அறைக்கு ஏறும். கொல்கத்தாவின் கோடையிலும் அவர் மின்விசிறி வைத்துக்கொள்ளவில்லை. 1979-இல் நோபல் பரிசும் 1980-இல் பாரத ரத்னாவும் பெற்றவர், 1997 செப்டம்பர் 5 அன்று இறக்கும்வரை வாழ்ந்தது இங்கேதான். செபத்தில் இறைவனின் அருகாமையைத் தாம் உணரவில்லை என்று பல ஆண்டுகளாக ஆன்ம குருக்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள், இறப்புக்குப் பின் 2007-இல் வெளியாயின. அந்த வறட்சியைச் சுமந்துகொண்டே விடியற்காலையில் இந்தக் கட்டிலிலிருந்து எழுந்து திருப்பலிக்கும், பிறகு நோயாளிகளிடமும் சென்றார் என்பது, வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே நுழையவோ படம் எடுக்கவோ அனுமதியில்லை. அது சரியான ஏற்பாடே.

இல்லத்தின் சிற்றாலயத்தில், சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவமான பாடுபட்ட சுரூபத்தின் அருகே, ‘தாகமாய் இருக்கிறது’ என்ற இயேசுவின் சொல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. சபையின் எல்லாச் சிற்றாலயங்களிலும் இதைக் காணலாம்.

முழுவதும் பார்க்க ஒரு மணி நேரம் போதும் என்றாலும், இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தொண்டு செய்ய விரும்புவோர், 1952-இல் காளி கோயிலை ஒட்டிய யாத்திரிகர் விடுதியில் சாகும் தறுவாயில் இருப்போருக்காக அன்னை தொடங்கிய காளிகட் நிர்மல் இருதய இல்லத்துக்குச் செல்லலாம். அங்கே புதியவர்களின் கையில் முதலில் வருவது பெரும்பாலும் நோயாளிகளின் துணிகளைத் துவைக்கும் வேலைதான்.