இரவு 10:30 அதிர்வு: அலுவலகம் தந்த ஃபிட்னஸ் பேண்டுடன் மூன்றரை ஆண்டுகள்

போன வாரம்தான் பேண்டைப் பழுது பார்த்து வாங்கி வந்தேன். பட்டையைப் பிடித்திருக்கும் சின்னக் கொக்கி உடைந்துவிட்டது, இது இரண்டாவது முறை. பேட்டரியும் தளர்ந்துபோய், முன்பு ஆறு நாள் நின்ற சார்ஜ் ஒன்றரை நாளில் தீர்ந்துகொண்டிருந்தது. இரண்டையும் மாற்றியாயிற்று. அதே வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் கூப்பிட்டார். "எங்க ஆபீஸ்லயும் வெல்னஸ் திட்டம்னு இந்த பேண்டைக் கொடுக்கப் போறாங்களாம். நீங்க ரொம்ப நாளா கட்டியிருக்கீங்களே, சேரலாமா?" என்று கேட்டார். அரை மணி நேரம் பேசியும் என்னால் நேராக ஒரு பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அடி எண்ணும், நாடி பார்க்கும், தூக்கம் அளக்கும், போனில் ஒரு செயலியோடு சேர்ந்துகொள்ளும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேராக அந்த 10:30 விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

தினமும் இரவு 10:30 ஆனால் மணிக்கட்டில் இரண்டு முறை அதிரும். திரையில் ஒரு பிறை நிலா, அதன் கீழே 'உறங்கும் நேரம் நெருங்குகிறது' என்று ஒரு வரி. இந்த நேரத்தை நான் வைக்கவில்லை. திட்டத்தில் சேர்ந்தபோதே அலுவலகம் எல்லோருக்கும் பொதுவாக வைத்துத் தந்தது. முதல் மாதம் எனக்குப் பிடித்தே இருந்தது. நாம் தூங்கினோமா இல்லையா என்று கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதுபோல இருந்தது.

இரண்டாவது மாதத்தில் ஒரு நாள். பேண்ட் அதிர்ந்ததும் போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். 10:41க்கு மறுபடி அதிர்வு. இந்த முறை அலுவலகச் செய்திச் செயலி. மேனேஜர் எழுதியிருந்தார்: "முழிச்சிருக்கீங்களா? ரெண்டே நிமிஷம்." அந்த இரண்டு நிமிடம் 12:20க்கு முடிந்தது. படுத்தும் தூக்கம் வரவில்லை. காலையில் செயலியைத் திறந்தால், 'நேற்று 5 மணி நேரம்தான் தூங்கினீர்கள், இன்று சீக்கிரம் படுக்க முயலுங்கள்' என்று புத்தி சொல்கிறது. பேண்டைக் கொடுத்தது அலுவலகம். தூக்கத்தைக் கெடுத்ததும் அதே அலுவலகம். கெட்டுப்போன தூக்கத்தை நான்தான் சரி செய்துகொள்ள வேண்டுமாம். அன்று வந்த கோபம் இந்த மூன்றரை ஆண்டில் ஆறவில்லை.

ஏதோ ஒரு நாள் நடந்ததைப் பெரிதாக்குகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அதனால் ஒரு மாதம் முழுக்கக் குறித்து வைத்தேன். 22 வேலை நாளில் 13 நாள் 10:30க்கு மேல் அலுவலகச் செய்தி வந்திருந்தது. அவற்றில் காலைவரை காத்திருக்க முடியாதது என்று பார்த்தால் இரண்டுதான்.

சரி, பேண்டின் மேல் பழி போடக்கூடாது. கருவி தன் வேலையைச் செய்கிறது. அடிக்கணக்கு நம்பும்படி இருக்கிறது. எனக்கு உறுத்தியது அலுவலகம் வைத்த 10,000 அடி இலக்குதான். இந்த எண் மருத்துவ ஆய்வு ஒன்றில் பிறந்தது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மன்போ-கெய்' என்ற அடிமானியின் பெயர் அது. அதற்குப் பொருளே 'பத்தாயிரம் அடி அளவி'. பெயர் நன்றாக விற்றது, எண் உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. 2019இல் அமெரிக்காவில் வயதான பெண்கள் சுமார் 17,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றில், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதலாகப் பெரிய பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அடிக்கணக்கு சொல்வதில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது. எங்கள் செயலிக்கோ 9,600 நடந்தாலும் அன்றைய நாள் சாம்பல் நிற வட்டம்தான், பச்சை கிடையாது.

அந்த வட்டங்களை வைத்து வாரா வாரம் ஒரு தரவரிசைப் பட்டியலும் வரும். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பியவர். எட்டு வாரம் தொடர்ந்து பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒன்பதாவது வாரம் பேண்டைக் கழற்றி உறையில் போட்டு ஹெச்.ஆர். மேசையில் வைத்துவிட்டு வந்தார். அவர் வலியோடு மாடிப்படி ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படிகளுக்குப் பட்டியலில் இடம் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து பட்டியலில் என் பெயர் வராதபடி மாற்றிக்கொண்டேன். அமைப்புகளில் 'தனியுரிமை' என்ற பகுதிக்குள் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, சேருகிறவர்கள் முதல் நாளே அதைப் பார்த்துவிடுங்கள்.

இனி பிடித்த விஷயம். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

பேண்டின் அடியில் பச்சை விளக்கு மினுங்கும், பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை வைத்துத்தான் நாடியைக் கணக்கிடுகிறது. பட்டை தளர்ந்திருந்தால் எண் தப்பாகும், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே கட்ட வேண்டும். இப்படி நாள் முழுக்க எடுப்பதிலிருந்து, ஓய்வாக இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு எவ்வளவு என்று தினம் ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண்களை மாதக்கணக்கில் கோடாகப் பார்க்கலாம். முதல் ஓராண்டு நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு முறை 12 நாள் லீவு எடுத்தேன். அலுவலகச் செயலியைப் போனிலிருந்தே நீக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். திரும்பி வந்த பிறகு சும்மா அந்தக் கோட்டைத் திறந்தேன். லீவுக்கு முந்தைய இரண்டு மாதம் 74, 75 என்றே ஓடியிருக்கிறது. லீவின் நான்காம் நாள் 71. ஏழாம் நாள் 68. ஒன்பதாம் நாள் 65. அதற்குப் பிறகு லீவு முடியும் தறுவாய்வரை அங்கேயே நிற்கிறது. கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று இன்னும் வேலைக்கே போகவில்லை, எண் மட்டும் 70க்கு ஏறியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் புள்ளியை விரலால் தொட்டபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் அலுப்பு, அவ்வளவுதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உடம்பு வேறு கணக்கு எழுதி வைத்திருந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த எண் காய்ச்சலிலும் ஏறும், தூக்கம் கெட்டாலும் ஏறும். இதை வைத்து நோய் எதையும் முடிவு செய்ய முடியாது, அதற்கு மருத்துவர்தான். தூக்கக் கணக்கையும் அப்படியே நம்பக்கூடாது. ஆய்வகத்தில் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பார்த்துத் தூக்கத்தை அளக்கிறார்கள். பேண்டுக்குத் தெரிந்தது அசைவும் நாடியும்தான். ரிலீஸ் நேரத்தில், அதாவது புதுப் பதிப்பு வெளியாகும் நாட்களில், கூரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்த நேரத்தையும் அது தூக்கம் என்று எழுதிவைத்த இரவுகள் உண்டு. ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பில்லை, மாதக் கோட்டுக்கு உண்டு.

அந்தக் கோட்டை மேனேஜரிடம் காட்டினேன். வாராந்திர தனிப்பேச்சில், புகார் மாதிரி இல்லாமல், போனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். கூடவே 13 நாள் கணக்கையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுத் தன் பேண்டைக் காட்டினார். அவர் கோடு என்னுடையதைவிட மேலே ஓடியது. "எனக்கும் மேல இருந்து பத்து மணிக்குத்தான் கேள்வி வருது. அதை அப்படியே உங்க பக்கம் தள்ளிட்டு நான் படுத்துடறேன்" என்றார். அவ்வளவு வெளிப்படையாக ஒரு மேனேஜர் பேசி நான் கேட்டதில்லை. அடுத்த வாரத்திலிருந்து இரவில் எழுதினாலும், காலை 9 மணிக்குப் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்பினார். செய்திச் செயலியில் அந்த வசதி முன்பே இருந்ததுதான். ஏழு மாதம் 10:30 அதிர்வுக்குப் பிறகு வேறு அதிர்வு வரவில்லை. சராசரித் தூக்கம் 5 மணி 50 நிமிடத்திலிருந்து 6 மணி 45 நிமிடத்துக்கு வந்தது. என் வாழ்க்கையில் இந்த பேண்ட் செய்த மிகப் பெரிய உதவி இதுதான். அதை மறைத்து எழுதினால் நியாயமில்லை.

பிறகு அவர் வேறு பிரிவுக்குப் போனார். இப்போதைய மேனேஜர் இருக்கும் ஊரில் நம் இரவு 10:30 என்றால் நல்ல பகல் நேரம். அவர் கெட்டவர் இல்லை. கேட்டால் "நீங்கள் காலையில் பதில் சொன்னால் போதும்" என்பார். ஆனால் கேள்வியைப் பார்த்த பிறகு தூக்கம் எங்கே வரும்?

நண்பர் இன்னொன்றும் கேட்டார்: "இந்த மாதிரி திட்டத்தால நிஜமாவே பலன் இருக்கா?" தேடிப் படித்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு சில்லறை வணிக நிறுவனத்தின் ஏறத்தாழ 33,000 ஊழியர்களை வைத்து, சில கிளைகளில் மட்டும் வெல்னஸ் திட்டம் நடத்திப் பார்த்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். 18 மாதத்துக்குப் பிறகு, திட்டம் நடந்த கிளைகளில் 'உடற்பயிற்சி செய்கிறேன்' என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, வேலைக்கு வராத நாட்கள் எதிலும் குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை. இலினாய் பல்கலைக்கழக ஊழியர்களிடம் நடந்த ஆய்வும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. ஏற்கெனவே உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள்தான் இவற்றில் முன்வந்து சேருகிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது. என் அனுபவமும் இதற்கு மாறாக இல்லை. எனக்கு நல்லது நடந்த ஏழு மாதம், ஒரு மனிதர் இரவில் செய்தி அனுப்புவதை நிறுத்திய ஏழு மாதம்.

வேலை நேரத்தின் கணக்கு இதைவிட அழுத்தமானது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்டதில், வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவரோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ செய்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று வருகிறது. எங்கள் ரிலீஸ் வாரங்களில் நான் 56, 58 என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். எங்கள் செயலி நடந்ததை எண்ணுகிறது, குடித்த தண்ணீரை எண்ணுகிறது. வேலை செய்த மணி நேரத்துக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

வேலை நேரத்துக்கு அப்பால் தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017இலேயே தொழிலாளர் சட்டத்தில் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. எனக்கு அவ்வளவு பெரிய சட்டம்கூட வேண்டாம். பிறை நிலாவைப் பொதுவாக 10:30க்கு வைக்கத் தெரிந்தவர்கள், அதே 10:30க்குச் செய்திச் செயலியையும் பொதுவாக அமைதியாக்கி வைத்தால் போதும். அவசரத்துக்கு ஆன்-கால் ஆள் ஒருவர் எப்போதும் இருக்கத்தானே செய்கிறார்.

இவ்வளவு நல்லதும் எழுதிவிட்டு நண்பருக்கு நான் சொன்ன பதில்: சேராதீர்கள். பழுது பார்த்து வந்த முதல் இரவே 10:30க்குப் புது பேட்டரியோடு பலமாக அதிர்ந்தது, 10:52க்குச் செய்தி வந்தது, அந்தக் கோபத்தில்தான் அப்படிச் சொன்னேன். இப்போது எழுதும்போதும் மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை. "அப்புறம் எதுக்கு நீங்க அதை ரிப்பேர் பண்ணினீங்க?" என்று கேட்டார். அந்த 12 நாள் கோட்டுக்காகத்தான். அடுத்த லீவிலும் 65 வருகிறதா என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

உறக்க நினைவூட்டலை மட்டும் நேற்று அணைத்துவிட்டேன். 13 நாள் கணக்கையும் லீவுக் கோட்டையும் ஒரே பக்கத்தில் வைத்து, இரவுச் செய்திகளை நிறுத்தும்படி ஹெச்.ஆருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இதன் கீழேயே சேர்க்கிறேன்.